மூன்று துண்டு நிலத்துக்கு ஒரே சராசரி போடாதீர்கள்

கேள்வி:

அக்கா, குப்பனூர் பக்கம் மலையடிவாரத்தில் எங்களுக்கு நாலரை ஏக்கர் இருக்கிறது. மலையை ஒட்டி ஒன்றரை ஏக்கர் மேட்டுக் காடு, நடுவில் கிணற்றைச் சுற்றி இரண்டு ஏக்கர், கீழே ஓடைக்கரையில் ஒரு ஏக்கர். பதினாறு வருடமாகப் பெரும்பாலும் மரவள்ளிதான். முன்பு ஏக்கருக்குப் பன்னிரண்டு டன் எடுத்தோம், போன வருடம் மொத்தமே 29 டன்தான் வந்தது. மண் வள அட்டையில் கரிமச் சத்து 0.31 சதவீதம், பி.எச் (புளிப்பு, கார அளவு) 8.4 என்று இருக்கிறது. ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து ட்ரோன் விட்டுப் படம் எடுத்து, நிலம் முழுக்கச் சிவப்பாகக் காட்டி, ஏக்கருக்கு 2.4 லட்சம் செலவில் மண்ணை மீட்டு மரம் வைத்துத் தருகிறோம், 12 வருடத்தில் ஏக்கருக்குப் பத்து லட்சம் வரும், கார்பன் கிரெடிட் (கரியமில வாயுவை மண்ணிலும் மரத்திலும் பிடித்து வைப்பதற்குக் கிடைக்கிற காசு) தனி என்கிறார்கள். மாதக் கடைசிக்குள் ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கேட்கிறார்கள், மீதிக்கு நிலத்தை வைத்துக் கடன் வாங்க வேண்டும். அப்பா வேண்டாம் என்கிறார். நான் சேலத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், சனி ஞாயிறு காட்டுக்குப் போவேன். என்ன செய்யலாம்? லோடு சீட்டு, செலவு நோட்டு, ட்ரோன் படம் எல்லாம் இணைத்திருக்கிறேன்.

பதில்:

தம்பி, முதல் வேலையாக அந்த ஐம்பதாயிரத்தைக் கொடுக்காதீர்கள். மீதியைப் பொறுமையாகப் பேசுவோம்.

நீங்கள் அனுப்பியதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த லோடு சீட்டுகள்தான். பதினோரு சீட்டு. ஒவ்வொன்றிலும் எடை, மாவுப் பாயிண்ட் (கிழங்கில் மாவு எவ்வளவு என்கிற அளவு), தேதி எல்லாம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்காரர் எழுதியிருக்கிறார். அது எல்லா விவசாயி வீட்டிலும் இருக்கும். உங்கள் வீட்டுச் சீட்டைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் உங்கள் அப்பா பென்சிலில் ‘மேடு’, ‘கிணறு’, ‘ஓடை’ என்று ஒரு வார்த்தை எழுதி வைத்திருக்கிறார், நீங்கள் அதைக் கவனித்தீர்களா தெரியவில்லை. கம்பெனிக்காரர்கள் ட்ரோன் விட்டும் சொல்லாத ஒன்றை அந்தப் பென்சில் எழுத்து சொல்லிவிட்டது. நான் உட்கார்ந்து மூன்றாகப் பிரித்துக் கூட்டினேன். கிணற்றுக் காடு இரண்டு ஏக்கரில் 19 டன், மேட்டுக் காடு ஒன்றரை ஏக்கரில் ஆறரை டன், ஓடைக்கரை ஒரு ஏக்கரில் மூன்றரை டன்.

இப்போது உங்கள் செலவு நோட்டை எடுங்கள். ஏக்கருக்கு 38,000 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள், சராசரி விலை டன்னுக்கு 6,500. நாலரை ஏக்கருக்கும் சேர்த்துப் பார்த்தால் வரவு 1,88,500, செலவு 1,71,000, மிச்சம் 17,500. ஏதோ வந்தது என்று விட்டுவிட்டீர்கள். பிரித்துப் போட்டால் கதை வேறு. கிணற்றுக் காட்டில் மட்டும் 47,500 ரூபாய் லாபம். மேட்டுக் காட்டில் 14,750 நஷ்டம், ஓடைக்கரையில் 15,250 நஷ்டம். அதாவது இரண்டு ஏக்கர் சம்பாதித்ததை இரண்டரை ஏக்கர் உட்கார்ந்து தின்றிருக்கிறது. (பிடுங்குகிற கூலியும் வண்டி வாடகையும் டன்னுக்குத் தகுந்த மாதிரி மாறும், அதனால் விளைச்சல் குறைந்த துண்டுகளில் நஷ்டம் இதைவிடக் கொஞ்சம் குறையலாம். ஆனால் உங்கள் அப்பா அம்மா உழைப்புக்கு நீங்கள் கூலியே போடவில்லை, அதைப் போட்டால் மறுபடி ஏறிவிடும்.)

இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எனக்கு இது நல்ல செய்தியாகத்தான் படுகிறது. வருகிற பட்டத்தில் அந்த இரண்டரை ஏக்கரில் மரவள்ளிக் குச்சி ஊன்றாமல் விட்டாலே வருடத்துக்கு 30,000 ரூபாய் கையில் நிற்கிறது. மண்ணைத் தேற்ற நீங்கள் தேடுகிற பணம் அதுதான். கடன் வேண்டாம், நிலப் பத்திரத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

அடுத்து அந்த மண் வள அட்டை. மண் எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, மூன்று இடத்திலும் ஒவ்வொரு கை அள்ளி ஒரே பையில் போட்டோம் என்று எழுதியிருந்தீர்கள். அப்படி எடுத்தால் அந்த 8.4 உங்கள் நிலத்தில் எந்த இடத்துக்கும் சொந்தமில்லாத எண். ஓடைக்கரையில் 9-ஐ ஒட்டி இருக்கலாம், கிணற்றடியில் சாதாரணமாக இருக்கலாம், கலந்தால் 8.4. சோடியம் ஏறின மண்ணைத் திருத்துகிற ஜிப்சம் போடுவதா வேண்டாமா என்று அந்த எண்ணை வைத்து முடிவெடுத்தால் தேவையில்லாத இடத்தில் கொட்டி, தேவைப்படுகிற இடத்தில் குறைத்துப் போடுவீர்கள்.

மூன்று துண்டுக்கும் தனித்தனியாக எடுங்கள். ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து இடத்தில், மேலே கிடக்கிற சருகை மட்டும் ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் ‘வி’ வடிவத்தில் ஒரு சாண் ஆழம் வெட்டி, வெட்டின சுவரிலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் ஒரு சீவல். வரப்போரம், மர நிழல், எருக்குழி பக்கம், போன மாதம் உரம் போட்ட இடம் எல்லாம் கூடாது. நிழலில் உலர்த்தி, பரப்பி, நாலாகப் பிரித்து எதிரெதிர் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டு வாருங்கள். மரம் வைக்கிற எண்ணம் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் மூன்றடி குழி வெட்டி அடிக்கு ஒரு மாதிரி தனியாக. சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ வேளாண் துறை மண் ஆய்வுக் கூடத்திலோ கொடுக்கலாம். கூடவே கிணற்றுத் தண்ணீர் ஒரு லிட்டர், மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அப்புறம் பிடித்த தண்ணீர். இதை மறக்காதீர்கள், ஓடைக்கரை நிலத்தின் விதி அந்தத் தண்ணீர் பாட்டிலில்தான் இருக்கிறது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ட்ரோன் படத்துக்கு வருகிறேன். அந்தப் பச்சை சிவப்பு எல்லாம் அன்றைக்கு அந்த இடத்தில் இலை எவ்வளவு பசுமையாக இருந்தது என்பதை மட்டும்தான் காட்டும். படத்தின் மூலையில் தேதி இருக்கிறது. உங்கள் கடைசி லோடு சீட்டின் தேதிக்கு எட்டு நாள் கழித்து எடுத்த படம் அது! கிழங்கு பிடுங்கின காடு சிவப்பாகத் தெரியாமல் என்ன செய்யும்? நல்ல நிலமானாலும் அன்றைக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். உப்பு, மாவுப்பூச்சி, தண்ணீர்ப் பஞ்சம், அறுவடை முடிந்த வெறுங்காடு, நாலுக்கும் அந்தப் படத்தில் ஒரே நிறம்.

இதற்குக் காசு செலவழிக்கவே வேண்டியதில்லை. கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம். ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் சென்டினல்-2 படங்கள் ஐந்து நாளைக்கு ஒருமுறை, பத்து மீட்டர் கட்டமாக இலவசமாகவே கிடைக்கின்றன, மேகம் இருக்கிற நாளில் மட்டும் உதவாது. உங்கள் ஒரு ஏக்கரே கிட்டத்தட்ட நாற்பது கட்டம் வரும், போதும். பயிர் நின்ற மாதங்களில், தை மாசியில், எந்தத் துண்டு முதலில் வெளுக்கிறது என்று நாலைந்து வருடத்துக்குப் பாருங்கள். வருடா வருடம் ஒரே இடம் முதலில் வெளுத்தால் அது மண் பிரச்சினை. ஒரே ஒரு வருடம் மூன்று துண்டும் சேர்ந்து வெளுத்திருந்தால் மழையோ பூச்சியோ காரணமாக இருக்கும். மரவள்ளி மாவுப்பூச்சி 2020-ல் கேரளத்தில் முதலில் தென்பட்டு அப்புறம் நம் சேலம், நாமக்கல் பக்கம் வந்து என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்கே தெரியும், அதற்கு எதிராக ஒட்டுண்ணிக் குளவியை 2022-ல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து விட ஆரம்பித்தார்கள். பூச்சி தின்ற வருடத்தை மண் மேல் பழி போட்டுவிடக் கூடாது.

சரி, துண்டு துண்டாகப் போவோம்.

மேட்டுக் காட்டு வரப்புக் கல் ஒன்றைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். அந்தக் கல்லில் இப்போதைய மண் மட்டத்துக்கு மேலே நாலு விரல் உயரத்துக்குச் செம்மண் கறை ஏறி நிற்கிறது, அதற்கு மேலே கல் வெளுத்திருக்கிறது. கறை நிற்கிற இடம்தான் ஒரு காலத்தில் மண் நின்ற மட்டம். ஒரு கல்லை வைத்து முழுக் காட்டையும் அளக்க முடியாது, வரப்போரம் தண்ணீர் அரிப்பது எப்போதும் கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் யோசித்துப் பாருங்கள், ஒரு ஏக்கரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மேல்மண் போனாலே ஐந்து டன்னுக்கு மேல். மரவள்ளி இடைவெளி விட்டு ஊன்றுகிற பயிர், முதல் இரண்டு மூன்று மாதம் இலை மூடாது, மலைச் சரிவில் அந்த நேரத்தில் ஒரு கனமழை அடித்தால் மண் கையில் நிற்காது. அப்புறம் அறுவடையில் மறுபடி மொத்தக் காட்டையும் கிளறுகிறோம். பதினாறு வருடம்.

இங்கே முதல் செலவு வரப்பு. சரிவுக்குக் குறுக்கே சம உயரத்தில் மண் வரப்பு, அதை ஒட்டி வெட்டிவேர், அங்கேயே பொறுக்கின கல்லால் ஓட்டை அடைப்பு. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்கு நாலாயிரம் லிட்டர், நாற்பது மில்லிமீட்டர் பெய்கிற ஒரு மாலையில் அந்த ஒன்றரை ஏக்கரில் மட்டும் இரண்டரை லட்சம் லிட்டரை ஒட்டி விழுகிறது, லாரித் தண்ணீர் கணக்கில் இருபது டேங்கர். அதில் எவ்வளவு நின்று இறங்குகிறதோ அவ்வளவு கீழே உங்கள் கிணற்றுக்குத்தான் லாபம். அதனால் மேட்டுக் காட்டு வரப்புக்கு ஆகிற செலவை மேட்டுக் காட்டுக் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள், பாதியைக் கிணற்றுக் காட்டுக் கணக்கில் எழுதுங்கள், அப்போதுதான் அது எவ்வளவு மலிவு என்று தெரியும்.

வரப்பு போட்ட பிறகு கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும், இரண்டும் மாட்டுத் தீவனம், கலந்து விதைத்துவிடுங்கள். ஏன் இது என்றால், உங்கள் செலவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு மாட்டுக்கு வைக்கோலும் தீவனமும் வாங்கின வகையில் 22,000 ரூபாய் இருக்கிறது. அதைக் காட்டுக் கணக்கோடு சேர்க்காமல் வீட்டுச் செலவில் எழுதியிருக்கிறீர்கள். மேட்டுக் காடு அதில் பாதியை ஈடு கட்டினாலே போதும், நஷ்டத்தில் கிடந்த துண்டு லாபத்துக்கு வந்துவிடும், விற்கவும் போக வேண்டாம். மாட்டை அவிழ்த்து விடாமல் அறுத்துப் போடுங்கள், முதல் வருடம் மட்டுமாவது. வரப்போரம் சீத்தா, நாவல், நெல்லி என்று கொஞ்சம் வைக்கலாம், அந்த மூன்றடிக் குழியில் பாறை தட்டாமல் இருந்தால்.

ஏற்காடு எஸ்டேட்டில் சில்வர் ஓக்கும் மிளகும் நிற்பதைக் காட்டி இங்கேயும் அப்படியே வரும் என்று கம்பெனிக்காரர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், மழையும் அடிவாரத்தைவிட வெகு அதிகம். கொண்டை ஊசி வளைவில் ஏறும்போதே காற்று மாறுவது நமக்கே தெரிகிறதே, மிளகுக் கொடிக்குத் தெரியாதா?

இனி ஓடைக்கரை. வெயில் காலத்தில் வெள்ளை பூக்கிறது, இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது என்கிறீர்கள். அந்த மஞ்சளைப் பார்த்து யூரியா போட்டுக்கொண்டே இருந்திருக்கிறீர்கள், நோட்டில் தெரிகிறது. பி.எச் ஏறின மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் பயிருக்குக் கிடைக்காது, அது அந்த மஞ்சளாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், யூரியாவால் தீராது. இங்கே முடிவு மண் அறிக்கையையும் தண்ணீர் அறிக்கையையும் சேர்த்து வைத்துத்தான். மண்ணில் பி.எச் 8.5-க்கு மேல் இருந்து, மாற்றத்தக்க சோடியம் (மண் துகளில் ஒட்டியிருக்கிற சோடியம்) 15 சதவீதத்தைத் தாண்டினால் அது களர், அதாவது சோடியம் கெடுத்த மண், ஜிப்சம் கேட்கும், எவ்வளவு என்பதையும் ஆய்வுக்கூடமே சொல்லும். ஆனால் ஜிப்சம் இளக்கிவிடுகிற சோடியத்தைக் கழுவிக் கொண்டுபோக நல்ல தண்ணீரும் வடிகாலும் வேண்டும். கிணற்றுத் தண்ணீர் அறிக்கையில் எஞ்சிய சோடியம் கார்பனேட் என்று ஒரு வரி இருக்கும், அது 1.25-க்குக் கீழே இருந்தால் தைரியமாகப் போகலாம், 2.5-ஐத் தாண்டினால் நீங்கள் ஒரு பக்கம் ஜிப்சம் போட இன்னொரு பக்கம் மோட்டார் மறுபடி சோடியத்தை ஊற்றிக்கொண்டே இருக்கும். அப்போது மழைத் தண்ணீரை நம்பி மட்டும்தான் அந்தத் துண்டைத் தேற்ற முடியும், வருடமும் கூடும். ஓடையில் மேலே எங்காவது கழிவுத் தண்ணீர் கலக்கிறதா என்பதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து போய்ப் பாருங்கள்.

முழு ஏக்கருக்கும் ஒரேயடியாகச் செய்யாதீர்கள். பத்து சென்ட் கட்டிக்கொள்ளுங்கள். ஐந்து சென்ட்டில் ஜிப்சம் போட்டுத் தக்கைப்பூண்டு (உரமாக மடக்கி உழுகிற பசுந்தாள் செடி), பக்கத்து ஐந்து சென்ட்டில் ஜிப்சம் இல்லாமல் தக்கைப்பூண்டு. நாற்பத்தைந்தாம் நாள் பூ எடுக்கும்போது மடக்கி உழுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் ஒரு சதுர மீட்டர் அறுத்து எடை போடுங்கள். எவ்வளவு வித்தியாசம் வந்தால் மீதி தொண்ணூறு சென்ட்டுக்குச் செலவு செய்வேன் என்பதை விதைக்கிற அன்றைக்கே நோட்டில் எழுதிவிடுங்கள், அறுத்த பிறகு எழுதினால் மனசு எண்ணை இழுக்கும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் இருந்த காலத்தில் ஆத்தூர் பக்கம் ஒரு பெரியவருக்கு மூன்று ஏக்கரைச் சமன்படுத்த நான்தான் கடன் பரிந்துரை எழுதினேன். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. மண்ணைத் தோண்டிப் பார்க்கச் சொல்லவில்லை, முக்கால் அடிக்குக் கீழே சுண்ணாம்புக் கல் இருந்தது, ஜேசிபி மேல்மண்ணை வழித்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டு வெள்ளை மண்ணை மேலே விட்டுவிட்டது. மூன்று வருடம் அவர் அதில் எதுவும் எடுக்கவில்லை, தவணை மட்டும் கட்டினார். ஒரு மண்வெட்டிக் குழி போதும் அதைத் தடுக்க. அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

கிணற்றுக் காட்டைப் பெரிதாகத் தொடாதீர்கள், வீட்டுக்குச் சோறு போடுகிற துண்டு அது. மரவள்ளிக்கு நடுவே உளுந்தோ சின்ன வெங்காயமோ ஊடுபயிர், மூன்றில் ஒரு பங்கை முறை வைத்துச் சணப்பை விதைத்து மடக்கி உழவு, மரவள்ளி மற்ற சத்தைவிடப் பொட்டாஷை அதிகம் இழுக்கிற பயிர் என்பதால் மண் அறிக்கை பார்த்து அதைச் சரிக்கட்டுவது, அவ்வளவுதான்.

இங்கே நோட்டில் இல்லாத ஒரு செலவு இருக்கிறது. தண்ணீர். நமக்கு விவசாய மின்சாரம் இலவசம், அதனால் கிணறு வற்றுவது எந்தக் கணக்கிலும் வராது, பில் வந்தால்தானே உறைக்கும். மோட்டார் பெட்டிப் பக்கத்தில் ஒரு காலண்டரைத் தொங்கவிட்டு, தினமும் எத்தனை மணி ஓடியது, வாரம் ஒருமுறை முடிச்சுப் போட்ட கயிற்றில் தண்ணீர் எத்தனை அடியில் என்று அப்பாவை எழுதச் சொல்லுங்கள். ஒரு வருடத்துக் காலண்டர் கிடைத்தால் மேட்டு வரப்பு வேலை செய்கிறதா என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும். நாலரை ஏக்கர் என்பதால் சிறு விவசாயி சான்று வாங்கலாம், அது இருந்தால் சொட்டு நீருக்கு முழு மானியம் உண்டு.

கடைசியாக அந்தப் பத்து லட்சம். நம் ஊர்க் கணக்கிலேயே போடுவோம், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, வருடத்துக்கு 12 சதவீதம். 12 வருடம் கழித்து வருகிற பத்து லட்சத்தின் இன்றைய மதிப்பு சுமார் 2.57 லட்சம். நீங்கள் இன்றைக்குப் போடப் போவது 2.4 லட்சம். மிஞ்சுவது 17,000, அதுவும் அவர்கள் சொன்ன விலை அப்படியே கிடைத்து, ஒரு மரமும் காயாமல், வெட்டுகிற செலவும் இல்லாமல் இருந்தால். கிணற்றுக் காட்டில் வருடத்துக்கு ஏக்கருக்கு 23,000-க்கு மேல் வருகிற வருமானத்தையும் 12 வருடம் விட வேண்டும். நீங்கள் கணக்கு எழுதுகிறவர், இதற்கு மேல் நான் சொல்ல வேண்டாம்.

கார்பன் கிரெடிட் என்றால் அதையும் பார்ப்போம். மேல் அரையடி மண் ஏக்கருக்குச் சுமார் 850 டன். கரிமச் சத்தை 0.3-லிருந்து 0.5-க்கு ஏற்றினால், அதற்கே பல வருடம் ஆகும், கூடுவது 1.7 டன் கரிமம், கரியமில வாயுவாகக் கணக்கிட்டால் ஆறு டன் சொச்சம். டன்னுக்கு ஆயிரம் ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் அத்தனை வருடத்துக்கும் சேர்த்து ஏக்கருக்கு ஆறாயிரம் சொச்சம்தான். மரத்துக்குத் தனியாகக் கொஞ்சம் வரலாம். அளக்கிறவர், சரிபார்க்கிறவர், நடுவில் நிற்கிறவர் எல்லோரும் எடுத்தது போக மிச்சம்தான் உங்களுக்கு. கரிமச் சத்தை ஏற்ற வேண்டும்தான், தண்ணீரைப் பிடித்து வைப்பதற்காக, பயிருக்காக. கிரெடிட்டுக்காக நிலத்தை அடகு வைக்காதீர்கள்.

மண் அறிக்கை மூன்றும் தண்ணீர் அறிக்கையும் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். அதற்குள் முந்தைய வருடத்து லோடு சீட்டுகள் வீட்டில் எங்காவது சொருகிக் கிடக்கிறதா என்று தேடுங்கள், அப்பா எரவாணத்தில் வைத்திருப்பார். அவரிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும்: மரவள்ளி வருவதற்கு முன்னால் ஓடைக்கரையில் என்ன போட்டார்கள், அப்போதும் வெள்ளை பூத்ததா. அவர் சொல்வதை அப்படியே எழுதி அனுப்புங்கள்.